தாவூதும் தாவீதும்

காரைக்காலிலும் அதனைச் சூழ்ந்த காவிரிக் கழிமுகத்து ஊர்களிலும் தாவூது என்னும் பெயர் தெருவுக்குத் தெரு வழங்கி வந்த பெயராகும். சேகு தாவூது, முகம்மது தாவூது, தாவூது மரைக்காயர், தாவூது ராவுத்தர், தாவூது கனி என்று பலவாறாக அது நம் முன்னோர் பெயர்களில் விரவிக் கிடக்கின்றது. இன்று பிறக்கும் பிள்ளைகளுக்கு அப்பெயரை இடுவோர் எமக்குத் தெரிந்த வீடுகளில் மிகச் சிலரே. காரணம் வினவினால் இருவகை விடை வருகின்றது. அது பாட்டனார் காலத்துப் பெயர் என்பது ஒன்று. இதன்பால் நமக்கு வழக்கில்லை; உடைக்கும் அணிக்கும் காலம் இருப்பது போலப் பெயருக்கும் காலம் உண்டு. அது யூதர் பெயராமே என்பது மற்றொன்று. இந்த இரண்டாம் விடையையே இங்கு ஆராய்ந்து பார்க்க விரும்புகின்றோம்.

இவ்விடைக்கு மறுப்புரைக்க முன்வருவோரும் பெரும்பாலும் பிழையான மறுப்பையே கூறுகின்றனர். ‘யார் சொன்னது? அது தூய அரபுப் பெயர்’ என்று அடித்துப் பேசுகின்றனர். கடைகளிலே விற்கப்படும் பெயர்க் கையேடுகளும் இதற்குத் துணை செய்கின்றன. அன்புக்குரியவர் என்று பொருளை எழுதி, எதிரே அரபுச் சொல் என்று அச்சிட்டு விடுகின்றனர். பொருளை எபிரேயத்திலிருந்து எடுத்துக்கொண்டு மொழியை மட்டும் மாற்றிவிடும் இந்த வாணிபம் விந்தையானது. வினாவும் தவறு, விடையும் தவறு என்னும் நிலையில் குழந்தைக்குப் பெயர் தேடும் தந்தை என்ன செய்வார்? அவர் தாவூதை விட்டுவிட்டு, பொருள் விளங்காத ஏதேனும் ஒரு புதுப்பெயரைத் தேர்ந்து கொள்கிறார்.

பெயரின் பிறப்பு எபிரேயத்திலேதான். அதில் ஐயமில்லை, அதை மறைக்க வேண்டிய தேவையும் இல்லை. எபிரேய எழுத்தில் தாலெத், வாவ், தாலெத் என்னும் மூன்றே எழுத்துகளால் ஆனது அப்பெயர். பிற்காலத்து எபிரேய நூல்களில் இகர ஒலியைக் காட்ட இடையே யோத் என்னும் எழுத்தையும் சேர்த்து எழுதினர். அன்புக்குரியவன் என்றும், தந்தையின் உடன்பிறந்தான் என்றும் பொருள்படும் ‘தோத்’ என்னும் சொல்லோடு அதற்கு உறவு உண்டு என்பதே பெரும்பாலார் கொள்கை. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் வேறொரு கொள்கையும் சிறிது காலம் உலவியது. சிரியா நாட்டில் யூப்ரடீசு ஆற்றங்கரையில் மாரி என்னும் பண்டைய நகரை அகழ்ந்தபோது கிடைத்த களிமண் ஏடுகளில் ‘தவிதும்’ என்றொரு சொல் காணப்பட்டது. அதற்குப் படைத்தலைவன் எனப் பொருள் கொண்டு, தாவூது என்பது பெயரே அன்று, பட்டம்தான் என்று சிலர் எழுதினர். பின்னர் 1958இல் அச்சொல்லுக்குத் தோல்வி என்பதே பொருள் என்று நிறுவப்பட்டது. ஜாலூத்தை வென்றவருக்குத் தோல்வி என்று பெயர் சூட்டியிருக்க மாட்டார்கள் அல்லவா? அக்கொள்கை அத்தோடு கைவிடப்பட்டது. ஒலி ஒத்திருப்பது கொண்டு உறவு கூறுவோருக்கு இது நல்லதொரு பாடம். தமிழிலுள்ள ‘தாவு’ என்னும் வினையோடு தாவூதை முடிச்சுப் போடும் பேச்சையும் நாம் கேட்டிருக்கிறோம். அதற்கும் இதே கதிதான்.

தாவூது என ஒருவர் வாழ்ந்ததுண்டா என்று கேட்ட ஆராய்ச்சியாளரும் உண்டு. 1993இலும் 1994இலும் பாலத்தீனத்தின் வடகோடியில் தெல் தான் என்னும் மேட்டில் அரமாயிக் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்தன. கி.மு. 9ஆம் நூற்றாண்டைச் சார்ந்த அக்கல்வெட்டில், பகையரசன் ஒருவன் தன் வெற்றியைப் பொறிக்குமிடத்தில், தாவூதின் வீடு என்னும் பொருளில் அவர்தம் அரசகுலத்தைக் குறித்திருப்பதாகப் பெரும்பாலான அறிஞர் ஏற்கின்றனர். வேதநூல்களுக்கு வெளியே அப்பெயருக்குக் கிடைத்த பழஞ்சான்று, பகைவன் கையால் வெட்டப்பட்டது. நமக்குத் திருமறையின் சான்றே போதுமானது. எனினும் பிற்றை நாள் ஐயக்காரருக்குக் கல்லே விடை கூறியது கருதத்தக்கது.

இனி அரபுக்கு வருவோம். மதரஸாவில் இலக்கணம் ஓதிய எந்த மாணவரையும் கேளுங்கள். நபிமார் பெயர்களுள் பெரும்பாலானவை ‘கைரு முன்ஸரிஃப்’ என்னும் வகையைச் சார்ந்தவை. அதாவது தன்வீன் ஏற்காதவை என்று அவர் ஒப்புவிப்பார். காரணம் கேட்டால், அவை அஜமிப் பெயர்கள், பிறமொழிப் பெயர்கள் என்பார். இப்றாகீம், இஸ்மாயீல், யஃகூபு, யூசுபு, தாவூது, சுலைமான் யாவும் இவ்வகையே. நூஹ், லூத் ஆகிய இரண்டும் பிறமொழிப் பெயர்களாயினும் மூன்றெழுத்தினவாய் நடுவெழுத்து உயிரற்று நிற்பதால் விலக்குப் பெற்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த ஜவாலீகீ என்னும் மொழியறிஞர், அரபில் வழங்கும் பிறமொழிச் சொற்களுக்கென்றே ஒரு நூல் யாத்தவர். நபிமார் பெயர்களுள் ஆதம், ஸாலிஹ், ஷுஐபு, முஹம்மது என்னும் நான்கைத் தவிர ஏனையவை அஜமியே என்பது அவர் தீர்ப்பு. ஆக, திருமறையை ஓதும்போது தாவூது என்னும் பெயர் வருமிடத்திலெல்லாம் அதன் ஈற்றில் நிற்கும் ஓசையே, இப்பெயர் வேற்று மொழியிலிருந்து வந்து அரபில் குடியேறிய பெயர் என்று அறிவித்துக் கொண்டிருக்கின்றது. நம் ஆலிம்கள் ஆயிரமாண்டுகளாக அறிந்ததை நாம் ஏன் இன்று அச்சத்தோடு மறைக்க வேண்டும்?

குடியேறிய பெயர் அரபின் வடிவையும் ஏற்றுக்கொண்டது. எபிரேயத்தில் ஈற்றயலில் இகரம்; அரபில் ஊகாரம். ஹாரூன், காரூன், தாலூத், ஜாலூத், தாவூது என இவற்றை அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். ஒரே வார்ப்பில் வார்த்தெடுத்தாற்போல ஒலிக்கும். எழுத்திலும் ஒரு நுட்பம் உண்டு. அரபில் தாவூது என்னும் பெயரை எழுதும் தால், அலிஃப், வாவ், தால் என்னும் நான்கில் எதுவுமே தனக்கு அடுத்த எழுத்தோடு சேராது. ஷைகுல் அக்பர் இப்னு அரபீ (1165-1240) தம் ‘புஸூஸுல் ஹிகம்’ என்னும் நூலில் தாவூது நபியைப் பற்றிய பகுதியை இந்நுட்பத்தில்தான் தொடங்குகிறார். உலகோடு ஒட்டாது அவரை இறைவன் பிரித்துக்கொண்டமைக்கு, ஒன்றோடொன்று ஒட்டாத அவர் பெயரெழுத்துகளையே அவர் குறிப்பாகக் காண்கிறார். இதனைச் சொல்லாராய்ச்சியாகக் கொள்ளலாகாது. ஞானியின் பார்வையாகக் கொள்ள வேண்டும். ஆயினும் அரபுத்தமிழில் இப்பெயரை எழுதிய நம் முன்னோர் கையெழுத்திலும் அந்நான்கு எழுத்துகளும் அவ்வாறே தனித்தனியாக நின்றன என்பதை எண்ணும்போது மனம் நெகிழ்கின்றது.

திருமறையில் தாவூது (அலை) அவர்களின் பெயர் பதினாறு இடங்களில் வருகின்றது. ஜாலூத்தைக் கொன்ற வீரராக, ஆட்சியும் ஞானமும் அருளப்பட்டவராக, ஸபூர் வேதம் பெற்றவராக, மலைகளும் பறவைகளும் தம்மோடு சேர்ந்து துதிக்கக் கேட்டவராக, இரும்பை இளக்கிக் கவசம் செய்தவராக, வயலில் ஆடு மேய்ந்த வழக்கைத் தீர்த்தவராக, பூமியில் கலீஃபாவாக்கப்பட்டவராக அவர் நம் முன் நிற்கின்றார். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தாவூதைக் குறிப்பிடும் இடங்கள் இதனினும் இனியவை. தம் கையால் உழைத்தே உண்டவர் தாவூது நபி என்று அவர்கள் போற்றினார்கள். ஒருநாள் நோற்று ஒருநாள் விடும் தாவூதின் நோன்பே இறைவனுக்கு உவப்பான நோன்பு என்றார்கள். அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் ஓதக் கேட்டு மகிழ்ந்து, தாவூதின் குடும்பத்து இசை உமக்கு வழங்கப்பட்டுள்ளது என்னும் கருத்துப்படப் பாராட்டினார்கள். அரசராக இருந்தும் உழைத்து உண்டவர், அழகிய குரலுடையவர், நீதி வழங்கியவர் ஆகிய ஒருவரின் பெயரைத் தன் மகனுக்கு இடத் தயங்குவோர் இவற்றுள் எதனை வேண்டாம் என்கின்றனர்?

இந்த இடத்தில் நம் கதை சொல்லிகளையும் சிறிது கண்டிக்க வேண்டியுள்ளது. மதிலேறி வந்த இரு வழக்காளிகள், தொண்ணூற்றொன்பது ஆடுகள் என்று திருமறை சுருங்கக் கூறும் நிகழ்ச்சிக்கு, படைவீரன் ஒருவனின் மனைவி பற்றிய பழங்கதையை யூத, கிறித்தவ ஏடுகளிலிருந்து எடுத்து ஒட்டி, சில நபிமார் வரலாற்றுப் புத்தகங்கள் சுவையூட்ட முயன்றுள்ளன. இமாம் இராஸீயும் இப்னு கஸீரும் இக்கதையை ஏற்கவில்லை. நபிமார் குற்றங்களினின்று காக்கப்பட்டவர்கள் என்பது நம் கொள்கை. பெயரை யூதர் பெயர் என்று விலக்குகிறோம். கதையை மட்டும் கைந்நீட்டி வாங்கிக்கொள்கிறோம். விலக்க வேண்டியதை வைத்துக்கொண்டு, வைத்துக்கொள்ள வேண்டியதை விலக்கும் இம்முரண்பாடு நம்மைச் சுட வேண்டாமா?

இன்னொரு செய்தியும் உண்டு. பிறப்பால் எபிரேயமாயினும் வழக்கால் இது நெடுங்காலம் யூதரிடையே அருகிய பெயராகவே இருந்தது. நூற்றுக்கணக்கான மார்க்க அறிஞர் பேசும் தல்மூது நூலில் தாவீது என்னும் பெயருடைய அறிஞரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். முன்னோருள் தலையாய அரசரின் பெயரைப் பிறருக்கு இட அவர்கள் அஞ்சினர் போலும். அவர்களிடையே அது பரவியது இடைக்காலத்தில்தான். அதற்கு முன்னரே வேல்சு நாட்டில் ஆறாம் நூற்றாண்டின் கிறித்தவத் துறவி ஒருவர் அப்பெயர் தாங்கினார். நம்மவருள் ஹதீஸ் தொகுத்த இமாம் அபூதாவூது ஹிஜ்ரி 275இல் மறைந்தவர். பக்தாதில் பிறந்து பம்பாயில் பெருவணிகம் நடத்திய யூதரான தாவீது சசூன் (1792-1864) இதே பெயரினர். ஜியார்ஜியாவையும் இசுக்காத்துலாந்தையும் ஆண்ட அரசர்கள் இதே பெயரினர். மூன்று சமயத்தாரும் பங்கிட்டுக்கொண்ட பெயரை ஒருவர் பெயராக மட்டும் காட்டுவது வரலாற்றுக்கு ஒவ்வாது.

தமிழுக்கு வந்தபின் இப்பெயர் மூன்று கிளையாயிற்று. நம்மவர் தாவூது என்றனர். கிறித்தவர் தாவீது என்றனர். பின்னர் ஆங்கிலவழி டேவிட் வந்தது. புதிய ஏற்பாடு தமிழில் முதன்முதலாக அச்சேறியது காரைக்காலுக்கு வடக்கே அண்மையிலுள்ள தரங்கம்பாடியில். சீகன்பால்கு பாதிரியார் முயற்சியால் 1714-1715இல் அது நடைபெற்றது. அந்நூல் தொடங்குவதே தாவீதின் வழிவரும் மரபு வரிசையோடுதான். நம் உமறுப்புலவரும் சீறாப்புராணத்தில் தலைமுறைப் படலம் பாடினார். ஆனால் அவ்வரிசை இஸ்மாயீல் நபிவழி இறங்குவதாதலின், இஸ்ஹாக் நபிவழி வந்த தாவூது அதில் இடம்பெற வாய்ப்பில்லை. தாவூது நபியின் திருமகனார் சுலைமான் நபியைத் தலைவராகக் கொண்டு தனிக் காப்பியமே பாடியவர் மீசல் வண்ணக்களஞ்சியப் புலவர். அவருடைய இராஜநாயகம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது.

தாவூது, தாவீது இரண்டையும் அருகருகே வைத்து நோக்குங்கள். ஓர் உயிரெழுத்தே வேறுபாடு: அங்கே ஈ, இங்கே ஊ. எபிரேயத்தின் வழி வந்தது அது. அரபின் வழி வந்தது இது. யாப்பில் இரண்டும் ஒன்றே. நேர் நேர் நேர் என அலகு பெற்றுத் தேமாங்காயாகும். ஈற்றில் நிற்கும் உகரம் உயிர்த்தொடர்க் குற்றியலுகரம். தமிழ்ச் சொல்லின் ஈறாக நிற்கத் தகுதி வாய்ந்தது. இவ்வாறு இரு சமயத்தாரும் தனித்தனியே முயன்று, ஒருவரை ஒருவர் கேளாமலே, ஒரே இலக்கணத்திற்கு உட்பட்டுப் பெயரைத் தமிழாக்கியுள்ளனர். இதைக் கெடுத்தவர்கள் இக்காலத்து நாம்தாம். உருதுவையும் ஆங்கிலத்தையும் பார்த்துத் தாவூத் என்று வல்லின மெய்யில் முடித்து எழுதத் தொடங்கினோம். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது என்பது பள்ளிப்பிள்ளையும் அறிந்த விதி. யாப்பிலும் ஓர் அசை குறைந்து தேமாவாகச் சுருங்குகின்றது. வேறு சிலர் தாவுது எனக் குறுக்கி எழுதுகின்றனர், அது கூவிளமாகிவிடும். காப்பியப் புலவனின் அடியொன்றைப் பதிப்பிப்போர் இவ்வடிவங்களுள் ஒன்றை மாற்றி வைத்தால் ஓசை முறியும். அவ்வாறு முறிந்த பதிப்புகளைக் கண்டு, புலவர்மேல் குறை கூறுவோரும் இருக்கின்றனர்.

அரபு ஒலிப்பைக் காக்கவே அவ்வாறு எழுதுகிறோம் என்று அவர்கள் கூறலாம். ஆனால் தாவூத் என்று எழுதும் அதே கை, வேற்றுமை உருபு சேரும்போது தாவூதுக்கு, தாவூதோடு என்றுதானே எழுதுகின்றது? உயிர்களிடையே நிற்கும் தகரம் தமிழில் தானாகவே மென்மையடைந்து அரபுத் தாலுக்கு மிக அருகே வந்துவிடும். ஈற்று உகரத்தை நீக்கினால் அம்மென்மை போய் வல்லோசையே எஞ்சும். ஆகவே தாவூத் என்பது அரபையும் காக்கவில்லை, தமிழையும் காக்கவில்லை. பா. தாவூத்ஷா (1885-1969) அவர்களின் பெயரை எடுத்துக்காட்டி எம்மை மறுப்போர், அங்கே அம்மெய் சொல்லின் ஈறாக இல்லாமல் இடையில் நிற்பதை நோக்க வேண்டும். தாருல் இஸ்லாம் இதழால் முஸ்லிம்களின் உரைநடைக்கே புது மெருகு ஏற்றிய அப்பெரியார், எழுத்துத் திருத்தத்தில் எவ்வளவு கண்டிப்பானவர் என்பதும் அறிந்ததே.

இப்பெயர் இக்கடற்கரையில் இவ்வளவு வேரூன்றியது வெறும் ஏட்டறிவால் அன்று. காரைக்காலில் அடங்கியிருக்கும் மஸ்தான் சாகிபு வலியுல்லாஹ் அவர்களின் இயற்பெயர் சையிது தாவூது. புகாராவிலிருந்து வந்தவர்கள் என்பது ஊர் மரபு. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கேயே மறைந்தார்கள். ஆண்டுதோறும் கந்தூரிக்குத் திரளும் மக்களுள் எத்தனை பேர் அவர்களைத் தாவூது என்று அறிவர்? மஸ்தான் என்னும் நிலைப்பெயர் இயற்பெயரை முற்றாக மூடிவிட்டது. இறைக்காதலில் தம்மை மறந்தவருக்கு வழங்கும் சொல் அது. சுல்தான் அப்துல் காதிர் என்னும் இயற்பெயருடைய குணங்குடியாரும் மஸ்தான் சாகிபுதான். இருவரையும் ஒருவராகக் கருதி மயங்குவோர் வெளியூர்களில் உள்ளனர். இயற்பெயரைக் கூறியிருந்தால் இம்மயக்கத்திற்கு இடமில்லை. இதே ஊரின் பழைய வரலாற்றிலும் இதனை ஒத்த ஒரு செய்தி உண்டு; புனிதவதியார் என்னும் பெயரைச் சைவரும் கூட அருகியே சொல்வர், காரைக்கால் அம்மையார் என்பதே எங்கும் வழக்கு.

தெற்கே முத்துப்பேட்டையை அடுத்த ஜாம்புவானோடையில் அடங்கியிருப்பவர்கள் ஹக்கீம் சேகு தாவூது ஒலியுல்லாஹ் அவர்கள். நோய் தீர வேண்டி அங்கே சென்றவர்கள், பிறந்த பிள்ளைக்குச் சேகு தாவூது என்று பெயரிட்டனர். நாகூர் ஆண்டகையை நினைந்து சாகுல் ஹமீது என்று பெயரிட்டது போன்றதே இதுவும். எனவே நம் பகுதியில் ஒருவர் சேகு தாவூது என்றால், அப்பெயர் எபிரேயத்திலிருந்து அரபுக்கும் அரபிலிருந்து தமிழுக்கும் வந்ததோடு, ஒரு தாயின் நேர்ச்சை வழியாகவும் வந்திருக்கக்கூடும். அந்நேர்ச்சை முறையைப் பற்றி ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதற்குள் நாம் இங்குப் புக விரும்பவில்லை. அவ்வழக்கத்தை ஏற்காதவருக்கும் தாவூது நபியின் பெயர் என்னும் ஒரு காரணம் போதுமே.

பிரெஞ்சுக்காரர் காரைக்காலைக் கைக்கொண்டது 1739இல். ஆட்சி கைமாறியது 1954 நவம்பர் 1இல். சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்டு 16இல். அவ்விருநூறு ஆண்டுகளில் நம்மவர் பெயர்கள் பிரெஞ்சுப் பதிவேடுகளில் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் ஏறின. ஆங்கிலேயர் எல்லையில், நாகூரிலோ திருவாரூரிலோ, இரண்டு ஓகாரக் குறியிட்டு ஊகாரத்தை எழுதுவர். காரைக்காலில் ஓகாரமும் உகரமும் சேர்த்து எழுதுவர். ஒரு வாய்க்காலுக்கு இப்பால் ஒரு தாவூது, அப்பால் வேறொரு தாவூது. அண்ணன் தம்பி மக்களின் பத்திரங்களில் பாட்டனார் பெயர் இருவேறாக இருப்பதும், இருவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்க அலைய நேர்வதும் இதன் விளைவே.

1881 செப்டம்பர் 21ஆம் நாள் பிரெஞ்சு அரசு பிறப்பித்த ஆணை, தத்தம் சமய வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்போர் ஒரு குடும்பப் பெயரையும் தேர்ந்துகொள்ள வேண்டும் என்றது. ஷரீஅத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாத முஸ்லிம்கள் பெரும்பாலும் அவ்வழி செல்லவில்லை. அதனால் தந்தை பெயரும் தன் பெயருமாகவே நின்றனர். சைகோனில் கடை வைத்தவர்களும், அங்கே 1935இல் எழுந்த பள்ளிவாசலில் தொழுதவர்களும் இவ்வாறே வழங்கினர். பின்னாளில் பிரெஞ்சுக் குடியுரிமையோடு பாரீசு சென்றவர்களுக்கு, விண்ணப்பத்தில் குடும்பப் பெயர்க் கட்டத்தை நிரப்பாமல் தீரவில்லை. தந்தையின் பெயரோ பாட்டனாரின் பெயரோ அக்கட்டத்தில் போய் உட்கார்ந்தது. இவ்வாறு தாவூது என்பது சில வீடுகளில் ஆளின் பெயராக இல்லாமல், பெண்மக்கள் உட்பட அனைவருக்கும் உரிய குடும்பப் பெயராகிவிட்டது. பேரனுக்குத் தாவூது என்று தனியே பெயரிடத் தயங்கும் அதே வீட்டார், பள்ளியில் ஆசிரியர் தாவூது என்று அழைக்கும்போது ஏன் என்று குரல் கொடுக்கின்றனர்.

பிரெஞ்சு வாயில் டகரம் இல்லை. அவர்களுடைய அவ்வெழுத்து நம் தகரத்தைப் போலப் பல்லில் நா பொருந்திப் பிறப்பது. ஆகையால் காரைக்காலில் கிறித்தவ அண்டைவீட்டார் தம் மகனைப் பிரெஞ்சு முறையில் அழைத்தபோது அது டேவிட் என்று ஒலிக்கவில்லை. தாவித் என்றே ஒலித்தது. எபிரேயர் அழைத்ததும் ஏறத்தாழ அவ்வாறுதான்.